133 படிகளும் ஒரு பியானோவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய சிரிப்புப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையையும், அடுத்த வாரம் அதற்கு வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். விழுவதும் அடிப்பதும் தவிர அந்தப் படங்களில் என்ன இருக்கிறது, இன்றைய பிள்ளைகளுக்கு அவை எதற்கு என்று கட்டுரை கேட்டது. கடிதம் எழுதிய இருவர், அந்தக் காலத்துப் படங்களில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்று பதில் சொல்லியிருந்தார்கள். இந்த இரண்டு பேச்சையும் என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு படத்தை வைத்துச் சில விஷயங்கள் சொல்ல அனுமதி தாருங்கள்.

நான் குன்னூரில் 31 வருடம் சுமை தூக்கிப் பிழைத்தவன். வீடு மாற்றுகிறவர்களின் பீரோ, கட்டில், அரவை இயந்திரம், தண்ணீர்த் தொட்டி, பழைய பங்களாக்களிலிருந்து இறக்கும் தேக்கு அலமாரி, எல்லாவற்றையும் தூக்கியிருக்கிறேன். மலையில் வீடு என்றால் படி இல்லாமல் இருக்காது. சாலையிலிருந்து வாசலுக்கு 40 படி, 60 படி சாதாரணம். லாரி நிற்கிற இடத்தோடு டிரைவரின் வேலை முடிந்துவிடும், எங்கள் வேலை அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு பேர் ஒரு பியானோவைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு போகும் படத்தைப் பற்றிப் பேச இதைவிட வேறு தகுதி எனக்குக் கிடையாது.

படத்தின் பெயர் ‘தி மியூசிக் பாக்ஸ்’. அமெரிக்க நகைச்சுவை இரட்டையர்களான லாரலும் ஹார்டியும் நடித்தது. ஹால் ரோச் தயாரிப்பு, ஜேம்ஸ் பாரட் இயக்கம், 1932இல் வந்தது. ஓடும் நேரம் அரை மணிக்கும் சற்றுக் குறைவு. குறும்படங்களுக்கு ஆஸ்கர் பரிசு கொடுக்கத் தொடங்கிய அந்த முதல் ஆண்டிலேயே, நகைச்சுவைக் குறும்படத்துக்கான பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெண் தன் கணவருடைய பிறந்தநாளுக்குப் பரிசாகத் தானாக வாசிக்கும் பியானோ ஒன்றை வாங்குகிறாள். அதை வீட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டியவர்கள் நம் இருவர். கையிலிருந்த 3 டாலர் 80 சென்ட்டை முதலாகப் போட்டுக் குதிரை வண்டியில் சரக்கு ஏற்றும் தொழில் தொடங்கியவர்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாத காலம் அது. அதை மனதில் வைத்துப் பார்த்தால் அந்த 3 டாலர் 80 சென்ட்டின் அருமை புரியும். வீடு ஒரு நீண்ட படிக்கட்டின் உச்சியில் இருக்கிறது. பெட்டியை மேலே ஏற்றுகிறார்கள், அது கீழே உருண்டு வருகிறது. மறுபடி ஏற்றுகிறார்கள், மறுபடி வருகிறது. வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்த விக்கிரமாதித்தன் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை.

நான் இதை முதலில் பார்த்தது 1974இல், எனக்கு 12 வயது. என் அம்மா கொழுந்து பறித்த தோட்டத்தில் எப்போதாவது ஒரு சனிக்கிழமை ராத்திரி படம் போடுவார்கள். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி, பின்னால் ஜெனரேட்டர், பதினாறு எம்எம் புரொஜெக்டர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்ப்போம். முழுநீளத் தமிழ்ப் படத்துக்கு முன்னால் கூட்டம் சேரும் வரைக்கும் இந்தக் குறும்படத்தைப் போட்டார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர் இருந்திருப்பார்கள். ஆனால் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு நொடி கூடத் தாமதம் இல்லாமல் வந்தது. பெட்டி முதல் முறை கைநழுவி இறங்கத் தொடங்கியபோது, எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் “ஐயோ, பிடிங்கடா!” என்று நிஜமாகவே கத்தினாள். பகல் முழுக்கக் கொழுந்து மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் நடந்து நிறுக்கிற இடத்துக்குக் கொண்டுபோகிறவள் அவள். அவளுக்கு அந்தப் பெட்டி எவ்வளவு கனம் என்று தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

கட்டுரை எழுதியவர் தவறவிட்டது இதைத்தான். இந்தப் படத்தில் நம்மைச் சிரிக்க வைப்பது விழுவது மட்டுமில்லை, கனம். விழுகிற பொருள் கனமானது என்று நாம் நம்பினால்தான் அது விழும்போது நம் உடம்பு பதறும், பதறிய பிறகுதான் சிரிப்பு வரும்.

கனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். சுவரோரம் நிற்க வைக்கிற வகைப் பியானோ சாதாரணமாக 200 முதல் 250 கிலோ இருக்கும். வெளியே தெரிவது மரம்தான், கனம் முழுக்க உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தில். 200க்கும் மேற்பட்ட கம்பிகளை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அவற்றின் மொத்த இழுவிசை பல டன் வரும், அதைத் தாங்கத்தான் அந்த வார்ப்பிரும்பு. அந்தச் சட்டம் பின்பக்கமாக இருப்பதால் பியானோ எப்போதும் பின்னால் சாயப் பார்க்கும். பீரோவைத் தூக்குவது போல நினைத்துத் தூக்கினால் அது நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். 1994இல் மேல் குன்னூரில் ஒரு பங்களாவிலிருந்து ஒன்றை இறக்கினோம். ஆறு பேர், 52 படி, மூன்று மணி நேரம். படியில் ஒரு சுமையை இறக்கும்போதோ ஏற்றும்போதோ கனத்தில் பெரும்பங்கு கீழே நிற்கிற ஆளுக்குத்தான் வரும். மேலே இருப்பவன் திசை காட்டலாம், கயிறு பிடிக்கலாம். கீழே இருப்பவன் தம் பிடித்துத் தாங்க வேண்டும். ஐந்து படிக்கு ஒரு தரம் நிறுத்தி, கட்டை போட்டு, மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த படி.

லாரலும் ஹார்டியும் இதைப் பார்த்துத் தெரிந்துகொண்டு செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அவர்கள் இடுப்பைப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு சின்ன நிதானம், முழங்கால் மடங்குவது, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளுவது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. பெட்டியை வைத்துவிட்டு நிமிரும்போது ஹார்டி விடுகிற அந்தப் பெருமூச்சு சுமை தூக்கியவன் விடுகிற பெருமூச்சுதான். அவ்வளவு பருமனான உடம்பை வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு மென்மையாக அசைகிறார் என்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அப்புறம் அந்தச் சத்தம். இதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. படத்தின் பெரும்பகுதியில் பியானோவை நாம் பார்ப்பதே இல்லை, மரப்பெட்டிதான் தெரியும். ஆனால் பெட்டி ஒவ்வொரு முறை இடிபடும்போதும் உள்ளே கம்பிகள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்து ஒரு முனகல் வரும். படங்கள் பேச ஆரம்பித்துச் சில வருடங்களே ஆகியிருந்த நேரம் அது. பலர் அந்த வசதியை வைத்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, இவர்கள் ஒரு பெட்டியைப் பேச வைத்தார்கள். 52 படி இறக்கிய அன்று எங்கள் பியானோவும் ஒவ்வொரு படியிலும் இதே குரலில் முனகியது. எனக்கு உடனே அந்தத் தோட்டத்து ராத்திரி ஞாபகம் வந்தது.

படிக்கட்டு நிஜமானது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் சில்வர் லேக் பகுதியில், வெண்டோம் தெருவிலிருந்து மேலே உள்ள டெஸ்கான்சோ சாலைக்கு ஏறுகிறது. 133 படி. இன்றும் இருக்கிறது, பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள், பார்க்க ஆட்கள் வருகிறார்கள். படிக்கட்டை முழு நீளத்துக்கும் ஒரே பார்வையில் நமக்குக் காட்டிவிடுகிறார் இயக்குநர். கீழே வண்டி, மேலே வீடு, நடுவில் எறும்பு போல இரண்டு பேர். எங்கும் ஒளித்து வைக்கவில்லை. பெட்டி இறங்கும்போது எத்தனை படியை இழந்தார்கள் என்று நாமே எண்ணிக்கொள்ளலாம். இன்றைய படங்களில் விழுகிற காட்சியைப் பத்துத் துண்டாக வெட்டி ஒட்டுகிறார்கள். யார் எங்கிருந்து எங்கே விழுந்தார் என்றே தெரிவதில்லை.

இனி தபால்காரர். இவர் வருகிற இடம்தான் படத்தின் உச்சம் என்பேன். நடித்தவர் சார்லி ஹால், இங்கிலாந்துக்காரர். லாரல் ஹார்டி படங்கள் பலவற்றில் அவர்களோடு முட்டிக்கொள்கிற ஆளாக வருவார். எவ்வளவோ பாடுபட்டு இருவரும் பெட்டியை உச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகு இவர் வந்து, அந்தப் பக்கமாகச் சாலை இருக்கிறதே, வண்டியை ஓட்டிக்கொண்டே வாசல்வரை வந்திருக்கலாமே என்று சொல்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு என்ன செய்கிறார்கள்? பெட்டியைத் தூக்கி, படி வழியாக மறுபடி கீழே கொண்டுபோய், வண்டியில் ஏற்றி, அந்தச் சாலை வழியாக மேலே கொண்டுவருகிறார்கள்.

எங்கள் தோட்டத்தில் அந்த ராத்திரி சிரித்த சிரிப்பில் ஜெனரேட்டர் சத்தம் கேட்கவில்லை. படித்தவர்கள் இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூலிக்கு வேலை செய்கிறவனுக்கு, நீ செய்தது தப்பான வழி என்று ஒருவர் சொல்லிவிட்டால், செய்து முடித்த வேலை கூட முடியாத வேலை ஆகிவிடும். சரியான வழி எது என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டார்கள், அந்த வழியில் செய்தால்தான் கணக்கு. என் வாழ்க்கையில் நட்டு முடித்த கம்பத்தைப் பிடுங்கி ஓரடி தள்ளி நட்டிருக்கிறேன். மாடியில் வைத்த அலமாரியைக் கீழே கொண்டுவந்து துடைத்துவிட்டு மறுபடி மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அந்த இருவரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பெட்டியைத் திருப்பிக் கீழே தூக்கிக்கொண்டு போகும்போது நான் சிரிக்கிறேன், தொண்டையும் அடைக்கிறது. இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன.

அந்தக் காட்சியிலிருந்து நான் ஒரு பழக்கம் கற்றுக்கொண்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும் சாமானில் கை வைக்கும் முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வருவேன். விறகு வண்டி வருகிற பாதை, எஸ்டேட் ஜீப் பாதை, பக்கத்து வீட்டு வழி ஏதாவது இருக்கும். எங்கள் ஆட்களுக்கு நான் படக்கதையைச் சொல்லியிருந்ததால் “தபால்காரரைக் கேட்டாச்சா?” என்பது எங்களுக்குள் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. புதிதாக வந்த பையன்கள் கூட அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே சொல்வார்கள். அப்படிக் கேட்டதால் எங்களுக்கு எத்தனையோ நாள் பாதி வேலை மிச்சமானது.

இவ்வளவு பிரியம் வைத்திருக்கிற படத்தின் குறைகளைச் சொல்வதும் என் கடமை.

படத்தின் தொடக்கத்தில், வண்டியிலிருந்து பெட்டியை இறக்குகிறபோது ஹார்டி குனிந்து முதுகைக் கொடுக்கிறார். லாரல் பெட்டியை அந்த முதுகில் சாய்க்கிறார். குதிரை நகர்ந்துவிட, பெட்டி முழுக் கனத்தோடு ஹார்டி மேல் விழுந்து அவரைத் தரையோடு அமுக்குகிறது. அவர் எழுந்து தூசி தட்டிவிட்டு வேலையைத் தொடர்கிறார். இங்கே படம் பொய் சொல்கிறது. பெட்டி தானாகப் படியில் ஓடி இறங்குவது வேறு, ஆளின் மேல் விழுவது வேறு. 1988இல் ஒரு மழைநாளில், பாசி பிடித்த கல்படியில் இரும்பு பீரோ ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தோம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் கீழே நின்றார். கயிறு வழுக்கியது. பீரோ இரண்டே இரண்டு படிதான் இறங்கியது, அதற்குள் அவருடைய கணுக்கால் நொறுங்கிவிட்டது. வீட்டுக்காரர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தார், அதற்கு மேல் எதுவும் கொடுக்கவில்லை. பெரியவர் அதன் பிறகு சுமை தூக்கவில்லை, கடைசிவரை காலை இழுத்துத்தான் நடந்தார். பல வருடம் கழித்து என் வீட்டு டிவியில் இந்தப் படத்தை அவரோடு சேர்ந்து பார்த்தேன். படியில் பெட்டி ஓடும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆனால் முதுகில் விழுகிற அந்த ஒரு காட்சியில் அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே காலை இழுத்து மடக்கிக்கொண்டார். தன்னை அறியாமலே செய்தார் என்று நினைக்கிறேன். கனத்தை மதிக்கிற படம் அந்த ஒரு இடத்தில் அதை மறந்துவிட்டது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. படிக்கட்டில் ஓர் ஆயா குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வழி கேட்கிறாள். வழி விடப்போய் பெட்டி கீழே ஓடிவிடுகிறது. அவள் சிரிக்கிறாள். லாரல் அவளைப் பின்பக்கம் உதைக்கிறார். அவள் திருப்பி லாரலைக் குத்துகிறாள், அதைப் பார்த்துச் சிரித்த ஹார்டியின் தலையில் பால் புட்டியை உடைக்கிறாள். பிறகு போலீஸ்காரரிடம் போய் முறையிடுகிறாள். தன் அன்றாட வேலையின் நடுவில் உதைத்துவிட்டான் என்று அவள் சொல்வதில் உதை பட்ட இடத்தையும் குறிக்கிற மாதிரி ஓர் இரட்டை அர்த்தத்தை வைத்திருக்கிறார்கள்.

என் மனைவி தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் 22 வருடம் ஆயாவாக இருந்தவள். அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போயிருக்கும்போது ஒரே நேரத்தில் 14 கைக்குழந்தைகளைக் கூடப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் ஆசையாக இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியபோது அந்த உதையைப் பார்த்து, “அவ என்னங்க தப்பு பண்ணினா? வழிதானே கேட்டா?” என்றாள். பால் புட்டி உடையும்போது அவளும் சிரித்தாள், நன்றாகவே சிரித்தாள். போலீஸ்காரரிடம் முறையிடும் இடத்தில் அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொன்னேன். “அடி வாங்கினவ போய்ச் சொன்னா அதுலயும் ஒரு கேலியா?” என்று கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்ல முயலவில்லை. அவள் சொன்னதுதான் சரி. அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காலத்திலும் ஆயாக்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் வலித்திருக்கும்.

போலீஸ்காரர் ஹார்டியை உதைப்பதையும் லாரலைத் தடியால் தட்டுவதையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கையில் தடி வைத்திருக்கிறவன் சுமை தூக்குகிறவனை அடிப்பது என்பது நடப்பதுதான், படம் அதை நியாயம் என்று சொல்லவில்லை. லாரல் அப்போது வார்த்தையைத் திருப்பிப் போட்டு ஒரு கேள்வி கேட்டு மாட்டிக்கொள்வதும் நல்ல நகைச்சுவை. எளியவன் வலியவனிடம் வாய் கொடுத்து அடி வாங்குவதில் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். ஆயாவை உதைத்ததில் கோபம் மட்டும்தான் வருகிறது.

பேராசிரியராக வருபவர் பில்லி கில்பர்ட். நீண்ட பட்டங்கள் போட்ட பெயரை ஒவ்வொன்றாக முழங்கிக்கொண்டு, படியில் வழியை அடைத்த பெட்டியைத் தான் சுற்றிப் போவதா என்று கத்துகிறார். அவர் தொப்பியை லாரல் தட்டிவிட, அது படி படியாகத் துள்ளித் தெருவில் போய் விழுந்து ஒரு வண்டிக்கு அடியில் நசுங்குகிறது. அதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். அயல்நாட்டுக்காரர் என்றால் இப்படித்தான் கொச்சையாகப் பேசிக் கத்துவார் என்று காட்டுவது மலிவான வழி. கில்பர்ட் திறமையான நடிகர் என்பதால் கொஞ்சம் தப்பிக்கிறது. அவ்வளவுதான் இதைப் பற்றி.

மூன்றாவது குறை பிற்பாதி. பெட்டி வீட்டு வாசலுக்கு வந்ததோடு படிக்கட்டு முடிந்துவிடுகிறது. வீட்டில் ஆள் இல்லை. கப்பியும் கயிறும் கட்டி மாடிப் பக்கமாக ஏற்றப் பார்க்கிறார்கள், தொப்பி மாறிப்போகிறது, முன்னால் இருக்கிற குளத்தில் விழுகிறார்கள், எழுந்து மறுபடி விழுகிறார்கள். உள்ளே போனதும் வீடு முழுவதையும் நாசம் செய்கிறார்கள். சிரிப்பு வராமல் இல்லை. ஆனால் முன்பாதியில் ஒரு பெட்டி, ஒரு படிக்கட்டு, இரண்டு பேர் என்று இருந்த சுத்தம் இங்கே இல்லை. முன்பாதியில் ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் இருக்கிறது. கையை விட்டால் பெட்டி இறங்கும். பிற்பாதியில் எது வேண்டுமானாலும் நடக்கிறது. பெட்டியின் கனமும் காட்சிக்குக் காட்சி மாறுகிறது. கப்பி கட்டுகிற இடத்தில் நான் எப்போதும் பதறிப்போய்ப் பார்ப்பேன், அந்தப் பெட்டியின் கனத்துக்கு அந்தக் கயிறு நிற்காது. அந்தப் பகுதியில் ஐந்து நிமிடத்தை வெட்டியிருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் பிற்பாதியை முழுக்கத் தள்ளிவிட முடியாமல் செய்கிற இடம் ஒன்று இருக்கிறது. வேலை முடிந்தது, பியானோவைத் தானாக வாசிக்க வைக்கும் காகிதச் சுருள் ஓடுகிறது, நாட்டுப்பற்றுப் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இருவரும் சிதறிக் கிடக்கிற மரத்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே ஆட ஆரம்பிக்கிறார்கள். நாள் முழுக்கத் தங்களைப் படாதபாடு படுத்திய அதே பெட்டி தருகிற பாட்டுக்கு, குப்பை அள்ளிக்கொண்டே, ஒருவர் காலடிக்கு ஒருவர் காலடி வைத்து ஆடுகிறார்கள். யாரையும் அடிக்கவில்லை, எதுவும் உடையவில்லை. சாமான் எல்லாம் இறக்கி முடித்து, வீட்டுக்காரம்மா டீ போட்டுக்கொண்டு வருகிற அந்தக் கால் மணி நேரத்தில் உடம்பு எவ்வளவு லேசாக இருக்கும் என்பது சுமை தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். அதை இதைவிட அழகாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

உடனே, படியில் கத்திய அதே பேராசிரியர் வந்துவிடுகிறார், அது அவர் வீடுதான். அவருக்குப் பியானோ என்றாலே வெறுப்பு. கோடரியை எடுத்து அதை வெட்ட ஆரம்பிக்கிறார். நடுவில் பியானோ அமெரிக்கத் தேசிய கீதத்தை வாசிக்க, கோடரியை நிறுத்தி மூவரும் விறைப்பாக நிற்கிறார்கள். அந்தப் பாட்டை அமெரிக்கா சட்டம் போட்டுத் தேசிய கீதமாக ஏற்றது 1931இல், படம் வந்ததற்கு முந்தின ஆண்டு. அப்போது பார்த்தவர்களுக்கு அது புத்தம் புதிய விஷயமாக இருந்திருக்கும். பிறகு மனைவி வந்து அழ, தனக்கு வந்த பிறந்தநாள் பரிசு என்று தெரிந்து அவர் மனம் மாற, ரசீதில் கையெழுத்துப் போடும்போது பேனா மை முகத்தில் பீச்ச, துரத்த, படம் முடிகிறது. இந்த முடிவு அவசரமாகக் கட்டிய மூட்டை போல இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பியானோ விறகாகிப்போனதைப் பற்றி அந்த இருவர் என்ன நினைத்தார்கள் என்று நமக்குக் காட்டவே இல்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இதே லாரலும் ஹார்டியும் 1927இல் ‘ஹேட்ஸ் ஆஃப்’ என்று ஒரு மௌனப் படம் நடித்தார்கள். அதே படிக்கட்டு. பியானோவுக்குப் பதிலாக ஒரு துணி துவைக்கும் இயந்திரம். அந்தப் படத்தின் பிரதி ஒன்று கூட இன்று கிடைக்கவில்லை, சில புகைப்படங்கள்தான் மிச்சம். ஐந்து வருடம் கழித்து அந்த எண்ணத்தையே சத்தத்தோடு மறுபடி எடுத்ததால் நமக்கு ‘தி மியூசிக் பாக்ஸ்’ கிடைத்தது. இதை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் 1997இல் சேர்த்தது. வண்ணம் ஏற்றிய பதிப்பு ஒன்றும் உண்டு. தயவு செய்து அதைத் தேடிப் போகாதீர்கள், கறுப்பு வெள்ளையில் பாருங்கள். வெயிலில் அந்தப் படிகளின் நிழல் கோடு கோடாக விழுவது கறுப்பு வெள்ளையில்தான் தெரியும்.

பிள்ளைகளுக்கு இதை எதற்குக் காட்ட வேண்டும் என்று கட்டுரையாளர் கேட்டார். நான் காட்டச் சொல்கிறேன். முழுதாகக் காட்டுங்கள், ஆயாவை உதைக்கிற இடத்தை வெட்டாமல். அந்த இடம் வரும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கட்டும், இது தப்பு என்று சொல்லட்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தபால்காரர் வரும்போது அதே பெரியவர் பிள்ளைகளோடு சேர்ந்து சிரிக்கட்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும். நாங்கள் செய்துகொண்டுதான் இருக்கிறோம். என் மனைவி கூட அன்று அடுப்படியிலிருந்து திரும்பி வந்து, அந்த ஆட்டத்தை நின்றபடியே கடைசிவரை பார்த்தாள்.

கடிதம் நீண்டுவிட்டது என்று தெரிகிறது. இடம் இல்லாமல் சுருக்க வேண்டியிருந்தால் பேராசிரியரைப் பற்றியதைச் சுருக்குங்கள், விருது, பட்டியல் பற்றியதையும் எடுத்துவிடுங்கள். ஆயாவைப் பற்றி என் மனைவி சொன்னதையும், கீழே நின்ற பெரியவரின் காலைப் பற்றி எழுதியதையும் மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுமை தூக்கும் தொழிலாளி,
குன்னூர்.